கால் பெடலில் நிற்காதபோது: எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பட்டையா, பேட்டரி சைக்கிளா, மூன்று சக்கரமா?

போன மாதம் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. “இடது கால் பெடலை விட்டு நழுவிக்கொண்டே இருக்கிறது. பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளட்டுமா, பேட்டரி சைக்கிள் வாங்கிவிடட்டுமா?” என்று கேட்கிறார். இன்னொருவருக்கு, வீட்டில் எல்லோரும் மூன்று சக்கர வண்டி வாங்கச் சொல்கிறார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. இருவருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். எனக்கும் அதுதான், பதினோரு வருடமாக.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடுகிற நரம்பிழைகளின் மேலுறையை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடுகிற நோய் இது. உறை போன இடத்தில் செய்தி தாமதமாகப் போகிறது, சில நேரம் போய்ச் சேர்வதே இல்லை. காலைத் தூக்க நினைக்கிறோம், கால் அப்படியே கிடக்கிறது. சைக்கிள் கடைக்காரருக்கு இந்த நோய் தெரியாது. நரம்பியல் மருத்துவருக்குப் பெடலைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. அதனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வேலை நம் தலையில் விழுகிறது.

நான் முதலில் எடுத்த முடிவு தவறு. இடது பாதம் நழுவுகிறதே என்று பழைய ஸ்கூல் பையின் பட்டையை வெட்டிப் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். பதினைந்து நாள் அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு காலை, ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் பஸ் ஒன்று நின்றுவிட, நானும் பிரேக் பிடித்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. விழப்போகிறேன் என்று தெரிந்தது. காலை எடுக்க நினைத்தேன், வரவில்லை. பட்டை விடவில்லை, தொடையும் விறைத்துக்கொண்டது. முழங்கையும் இடுப்பும் தார் ரோட்டில் போய் மோதின. பட்டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது எப்படி விடும் என்று நான்தான் கேட்டுக்கொள்ளாமல் விட்டேன். அன்றிலிருந்து எந்தச் சாமானைப் பார்த்தாலும், இது காலை எப்படி விடும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்: உங்கள் கால் எங்கே தவறுகிறது?

வீட்டில் டபுள் ஸ்டாண்டு போட்ட சைக்கிள் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் நிற்கட்டும். ஒருவர் ஹேண்டில்பாரையும் சீட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்னாலும் பக்கவாட்டிலும் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். பத்து நிமிடம் மிதியுங்கள். முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி இரண்டு நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை அதிலேயே கிடைக்கும்.

கட்டைவிரல் கீழே தொங்கிப் பாதம் முன்பக்கமாக நழுவினால் அது பலவீனம்; கணுக்காலைத் தூக்கும் தசைக்குச் செய்தி போகவில்லை. பெடல் மேலே ஏறும்போது முழங்கால் கூடவே ஏறாமல் பின்தங்கினால் இடுப்பை மடக்கும் தசை சோர்ந்திருக்கிறது. முழங்கால் உள்பக்கம் இழுத்து பாரில் இடித்தாலோ, குதிகால் தடதடவென்று தானாகத் துள்ளினாலோ அது விறைப்பு. அந்தத் துள்ளலை மருத்துவர்கள் குளோனஸ் என்பார்கள். பாதம் பெடலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. நிறையப் பேருக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

அதைவிட முக்கியமான கேள்வி, ஒரு காலா, இரண்டு காலா என்பது. ஒரு கால் நம்பகமாக இருந்தால் இரண்டு சக்கரத்தில் நிறைய வழி உண்டு. எப்போதும் நல்ல கால் பக்கமே சாய்ந்து நின்று அந்தக் காலை ஊன்றிக்கொள்ளலாம். இரண்டு காலையும் நம்ப முடியாவிட்டால் என்ன பெடல் போட்டாலும் நிற்கும் நேரத்தில் ஆபத்துதான்.

எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். குனிந்து பார்க்காமலே பாதம் பெடலில் நிற்குமா? திடீரென்று நிறுத்தினால், கால் ஒத்துழைக்காவிட்டாலும் அது விடுமா? வேகம் குறைந்து நிற்கப்போகிற அந்த இரண்டு நொடியில் வண்டி என்ன செய்யும்? இருபது நிமிடம் கழித்து, உடம்பு சூடேறிய பிறகு எப்படி இருக்கும்? கடைசியாகச் செலவு: வாங்குகிற விலை, அப்புறம் ரிப்பேர், வீட்டில் நிறுத்த இடம், ஏற்றி இறக்க ஆள்.

நான்காவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி செய்தால் எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890இல் எழுதி வைத்தார். காரணம் உடம்புச் சூடு. உறை போன நரம்பிழையில், உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே செய்தி தடைபடலாம். கண்ணுக்கு நடப்பது காலுக்கும் நடக்கும். காலை ஆறு மணிக்கே வியர்க்கிற சென்னையில் இதை ஒதுக்கிவிட்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. உடம்பு ஆறியதும் கால் பழைய நிலைக்கு வந்துவிடும், நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதே கோளாறு ஒரு நாளைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

1. இருக்கிற சைக்கிளிலேயே சின்ன மாற்றங்கள்

பணம் போட்டு எதையும் வாங்குவதற்கு முன்னால் இதை முயற்சி செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். முதல் மாற்றத்துக்குக் காசே வேண்டாம். முன்பாதத்தால் அழுத்தாமல் உள்ளங்காலின் நடுப்பகுதி பெடல் மேல் வரும்படி பாதத்தை முன்னால் தள்ளி வையுங்கள். முன்பாதத்தால் அழுத்தும்போது கெண்டைக்கால் சதை இழுபட்டு அந்தத் தடதடப்பு தொடங்குகிறது. நடுப்பாதத்தால் மிதித்தால் கணுக்காலுக்கு வேலையே குறைந்துவிடும். எனக்குத் துள்ளல் பாதியாகக் குறைந்தது இதனால்தான்.

அடுத்தது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றுகிற இரும்புக் கை. பெரியவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் இருக்கும். 150க்குக் குறைத்தால் முழங்கால் அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. இடுப்புத் தசை சோர்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. கிராங்கைக் கோட்டர் பின் என்ற ஆணியால் இறுக்கியிருக்கும் பழைய வண்டிகளில் குட்டை கிராங்க் கிடைப்பது கஷ்டம். சிறுவர் சைக்கிளின் கிராங்கைப் போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அது உங்கள் எடையைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார் இல்லாத, லேடீஸ் சைக்கிள் என்று நாம் சொல்கிற வண்டிக்கு மாறினால் காலை வீசி ஏற வேண்டாம், முழங்கால் உள்ளே இழுத்தாலும் இடிக்காது. ஆண்கள் இதற்குத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு சீட்டில் இருக்கிறது. கால் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கிக்கொண்டே போனால் முழங்கால் அதிகம் மடங்கி, நல்ல காலும் வலிக்க ஆரம்பிக்கும். குட்டை கிராங்கோடு சேர்த்துத்தான் சீட்டை இறக்க வேண்டும்.

கோளாறு லேசாக, ஒரு காலில் மட்டும், அதுவும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் என்றால் இங்கேயே நின்றுவிடலாம்.

2. பட்டையும் கூண்டும்

கால்விரலை மட்டும் மறைக்கிற, பட்டையில்லாத அரைக்கூண்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பாதம் முன்னால் நழுவுவதைத் தடுக்கும், பின்னால் இழுத்தால் வந்துவிடும். ஃபுட் டிராப், அதாவது பாதம் தொங்கும் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

பக்கிள் வைத்து இறுக்கும் முழுப் பட்டை வேறு சங்கதி. இழுத்தால் வராது, குனிந்து கையால்தான் தளர்த்த வேண்டும். விழுகிற நொடியில் அதற்கு நேரம் கிடையாது. ரோட்டில் ஓடும் இரண்டு சக்கர வண்டியில் இதைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொரு ஆபத்து, உணர்வு குறைந்த காலில் பட்டை அழுத்துவது தெரியாது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் புறங்காலில் சிவந்த கோடு இருக்கும். வெல்க்ரோ பட்டை கொஞ்சம் தேவலை, ஆனால் அதுவும் மழையிலும் மண்ணிலும் பிடிப்பை இழக்கும்.

3. ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடல்

ஷூவின் அடியில் உள்ள உலோகத் துண்டு பெடலில் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. என்ற இந்த வகைப் பெடல் 1990இல் வந்தது, இன்று பெரிய சைக்கிள் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பாதத்தைப் பிடிப்பதில் இதற்கு இணை இல்லை. கால் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்ற நிம்மதி, உணர்வு குறைந்தவர்களுக்குப் பெரிய விஷயம்.

கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும். நம்மில் பலருக்கு வராத அசைவு சரியாக அதுதான். வாங்குவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகாலை வெளியே திருகிப் பாருங்கள். பத்து தடவையில் பத்தும் வர வேண்டும், களைத்திருக்கும்போதும் வர வேண்டும். ஒன்பது தடவைதான் வருகிறது என்றால் இந்தப் பெடல் வேண்டாம்.

வாங்குவதாக முடிவு செய்தால் இரண்டு விஷயம். பெட்டியில் பொதுவாக எஸ்.எச்.51 என்ற உலோகத் துண்டு வரும். அது பக்கவாட்டில் திருகினால் மட்டுமே விடும். எஸ்.எச்.56 என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், அது பல திசையிலும் விடும். பெடலில் உள்ள சின்ன திருகை ஆலன் கீயால் முழுக்கத் தளர்த்திவிடுங்கள். அடுத்தது, ஒரு பக்கம் பூட்டும் ஒரு பக்கம் தட்டையுமான பெடல் கிடைக்கிறது. கோளாறான காலை மட்டும் பூட்டி, நல்ல காலைத் தட்டைப் பக்கத்தில் சும்மா வைத்துக்கொள்ளலாம். நிற்கும்போது நல்ல கால் தரைக்கு, மற்றது பெடலிலேயே இருக்கட்டும். ஒரு கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்யும். வண்டி தவறான பக்கம் சாய்ந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. அதனால் புல்தரையில் ஒரு வாரம் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

ஷூ விலையைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். கணுக்காலுக்கு ஏ.எஃப்.ஓ. பிளாஸ்டிக் தாங்கி போடுகிறவர்களுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ தேவைப்படும்.

4. காந்தப் பெடல்

ஷூவின் அடியில் இரும்புத் தகடு, பெடலில் வலுவான காந்தம். ஆஸ்திரியாவின் மேக்பெட் இதில் தெரிந்த பெயர். திருக வேண்டாம், எந்தத் திசையில் பலமாக இழுத்தாலும் பிரிந்துவிடும், விழும்போது உடம்பின் எடையே பிரித்துவிடவும் கூடும். நான் இப்போது ஓட்டுவது இதில்தான். இடது பாதம் பெடலை நெருங்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டரில் காந்தம் தானே இழுத்து ‘டக்’ என்று வைத்துக்கொள்கிறது. குனிந்து பார்த்துத் தேடும் வேலை போனது.

குறைகளும் உண்டு. இறக்குமதிப் பொருள், வரி சேர்ந்தால் சாதாரண சைக்கிளின் விலையைத் தொடும். கடற்கரை மணலில் உள்ள கறுப்புத் துகள்கள் காந்தத்தில் அப்பிக்கொள்ளும், வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். கடுமையான விறைப்பு உள்ளவர்களுக்குக் காந்தத்தின் பிடிப்பு போதாது, கால் உதறும்போது பிரிந்துவிடும். காந்தம் வெவ்வேறு வலுவில் வருகிறது. குறைந்த வலுவில் தொடங்குங்கள்.

5. பேட்டரி சைக்கிள்

ஆசிரியை கேட்ட கேள்விக்கு நேரடியான பதில்: பேட்டரி உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொள்ளாது. நழுவுகிற கால் இதிலும் நழுவும். அது தீர்ப்பது வேறு மூன்று பிரச்சினைகளை. நின்ற இடத்திலிருந்து தள்ளாடாமல் கிளம்ப உதவும். உடம்பு சூடேறுவதைத் தள்ளிப்போடும். போன இடத்தில் கால் கைவிட்டால் வீடு திரும்ப வழி இருக்கும். நம் நாட்டில் விற்கும் பல வண்டிகளில், மிதிக்காமலே கையால் மோட்டாரை ஓட்டுகிற திராட்டில் இருப்பது இங்கே நல்லது. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸோ பதிவோ தேவையில்லை.

நீங்கள் மிதிப்பதை அறிந்து மோட்டாரை இயக்கும் சென்சார் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். பெடல் சுற்றுவதை மட்டும் பார்க்கிற வகையில், கால் விறைத்து ஒரு உதை உதைத்தாலே மோட்டார் தள்ளத் தொடங்கலாம், மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளும். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அழுத்தத்தை அளக்கிற வகை மென்மையானது. ஆனால் ஒரு கால் பலவீனமாக இருந்தால் உதவியும் ஒரு பக்கமாகவே வரும். சில சென்சார்கள் இடது பக்க அழுத்தத்தை மட்டுமே அளக்கின்றன. இடது கால் பாதிக்கப்பட்டவர் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

எடை இருபது கிலோவுக்கு மேல் போகும். மாடியேற்ற முடியாது, காலின் மேல் விழுந்தால் தனியாக எடுக்கவும் முடியாது. சில வருடத்தில் பேட்டரி மாற்றும் செலவு வரும்.

6. மூன்று சக்கரம்

மனம் ஒப்பவில்லை என்று எழுதியவருக்கு இது. மூன்று சக்கர சைக்கிள் என்றதும் நமக்கெல்லாம் கண்முன் வருவது, கையால் சுற்றுகிற அந்த வண்டிதான். “அந்த நிலைக்கு நான் இன்னும் வரவில்லை” என்று மனம் சொல்கிறது. எனக்கும் சொன்னது. ஆனால் நிற்கும்போது விழாத வண்டி என்றால், சிக்னலில் கால் ஊன்றத் தேவையில்லாத வண்டி என்றால், இரண்டு காலிலும் கோளாறு உள்ளவர்களுக்கு ரோட்டில் இருக்கிற ஒரே நல்ல வழி இது. இதில் பாதத்தைத் தைரியமாகக் கட்டிக்கொள்ளலாம். நான் இரண்டாவது பகுதியில் திட்டிய பட்டைக்குச் சரியான இடமும் இதுதான்.

நிமிர்ந்து உட்காரும் வகை விலை குறைவு, பஞ்சர் கடைக்காரரே பார்த்துவிடுவார். வளைவில் கவனம் தேவை. சைக்கிள் பழகியவர்கள் உடம்பைச் சாய்த்துத் திருப்புவார்கள். இது சாயாது, வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். ரோட்டின் ஓரச் சரிவில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

சாய்ந்து உட்காரும் தாழ்ந்த வகை, இங்கிலாந்தின் ஐஸ் (ICE), ஜெர்மனியின் ஹாஸே போன்ற நிறுவனங்கள் செய்வது, ஓட்டுவதற்குச் சுகம். முதுகுக்குத் தாங்கல் உண்டு, கவிழும் பயம் குறைவு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால், பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தால் வண்டி அதன் மேலேயே முன்னேறும். கால் சீட்டுக்கு அடியில் மடங்கி இழுபடும். எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே இந்த வகையில் குதிகால் தாங்கியும் பட்டையும் கட்டாயம், கெண்டைக்கால் தாங்கி இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், தரையோடு தரையாக இருக்கும் சீட்டிலிருந்து எழுந்திருக்கத் தொடைக்குப் பலம் வேண்டும். லாரிக்காரர் கண்ணில் படும் உயரமும் கிடையாது. நம் ஊர் ரோட்டுக்கு உயரமான கொடி இல்லாமல் எடுக்கவே கூடாது.

7. வீட்டுக்குள்ளே

முதுகு சாய்த்து மிதிக்கும் நிலை சைக்கிளை ஃபேனுக்கோ ஏசிக்கோ நேராகப் போட்டு மிதிப்பது தோல்வி அல்ல. எம்.எஸ். உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்றே ஒரு காலத்தில் சொன்னார்கள். அதை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் வந்தது. 15 வாரம், கையாலும் காலாலும் சுற்றும் இயந்திரத்தில் பயிற்சி செய்தவர்களுக்கு உடல் திறனும் மனநிலையும் மேம்பட்டன. மே மாதத்தில் நான் வெளியே எடுப்பதே இல்லை, வீட்டுக்குள்தான்.

ஜெர்மனியின் மோட்டோமெட் போன்ற மோட்டார் கருவிகள் விறைப்பை உணர்ந்து நின்று, திசை மாற்றிச் சுற்றும். விலை மிக அதிகம். பிசியோதெரபி மையத்தில் இருந்தால் அங்கே பயன்படுத்துங்கள். தரையில் வைக்கும் மலிவான குட்டிப் பெடல் கருவி விறைத்த காலுக்கு ஆகாது. உதைத்தால் கருவியே நகரும்.

| வழி | பாதத்தைப் பிடிப்பது | அவசரத்தில் விடுவது | நிற்கும்போது | யாருக்கு |
|---|---|---|---|---|
| சின்ன மாற்றங்கள் | கொஞ்சம் | உடனே | கால் ஊன்ற வேண்டும் | லேசான, ஒரு கால் கோளாறு |
| அரைக்கூண்டு | ஓரளவு | பின்னால் இழுத்தால் | கால் ஊன்ற வேண்டும் | ஃபுட் டிராப் மட்டும் |
| பூட்டும் பெடல் | மிக நன்று | திருக வராவிட்டால் ஆபத்து | நல்ல கால் கட்டாயம் | உணர்வு குறைவு, குதிகால் திருக வருபவர் |
| காந்தப் பெடல் | நன்று | எத்திசையிலும் இழுத்தால் | கால் ஊன்ற வேண்டும் | நழுவல், மிதமான விறைப்பு |
| பேட்டரி | இல்லை | பொருந்தாது | கிளம்ப உதவும், நிற்க உதவாது | சோர்வு, சூடு |
| மூன்று சக்கரம் | பட்டையோடு மிக நன்று | அவசியம் குறைவு | தானே நிற்கும் | இரண்டு காலும், சமநிலைக் கோளாறும் |
| வீட்டுக்குள் | பட்டையோடு நன்று | அவசியம் குறைவு | தானே நிற்கும் | கோடை, மோசமான நாட்கள் |

மருந்தும் கருவியும் மாற்றாகுமா?

பேக்லோஃபென் என்ற மருந்து விறைப்பைக் குறைக்கும். ஆனால் பலவீனமான காலை நிமிர்த்தி வைத்திருப்பதே சில நேரம் அந்த விறைப்புதான். அளவு கூடினால் கால் துணிபோலத் தொய்யும். டோஸ் மாற்றிய வாரத்தில் ரோட்டுக்குப் போக வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டால்ஃபாம்ப்ரிடின் நடையை மேம்படுத்துவதற்கான மாத்திரை. சிலருக்குத்தான் பலன் தரும், வலிப்பு வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சாப்பிடக் கூடாது. ஃபுட் டிராப்புக்கு மின்தூண்டல் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குதிகால் தரையை விட்டு எழும்போது தூண்டும்படி அமைக்கப்பட்ட கருவிக்குப் பெடலில் அந்தச் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காது.

ஆசிரியைக்கு நான் எழுதிய பதில்: வலது கால் திடமாக இருப்பதால் இரண்டு சக்கரத்திலேயே இருங்கள். நடுப்பாதத்தில் மிதியுங்கள், இடது பெடலில் அரைக்கூண்டு போடுங்கள், ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போதவில்லை என்றால் காந்தம். பேட்டரி அதற்கு அப்புறம். இன்னொருவருக்கு இரண்டு காலும் நம்பகமாக இல்லை. அவருக்கு மூன்று சக்கரம்தான். நிமிர்ந்து உட்காரும் வகையையே பாருங்கள் என்றேன், தாழ்ந்த சீட்டிலிருந்து எழுவது அவருக்குக் கஷ்டம். அந்த வண்டிகள் முக்கால் மீட்டர் அகலம் வரும். கடைக்குப் போகும் முன் வாசல் கேட்டையும் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தையும் டேப் வைத்து அளந்து, அளவை எழுதிய தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.